இருவருக்கும் ஒரே வில்

கறுப்பு வில்லைக் கையில் வாங்கியதும் எனக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. பாரமே இல்லை. காபன் இழையில் செய்தது, கார்த்திகைக் குளிரிலும் கை விறைக்காது, மூன்றிலும் இதுதான் வேகம் என்று கடைக்காரன் சொல்லிக்கொண்டு நிற்கிறான், நானும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன், பாரமில்லாத பொருளையும் வேகத்தைப் பற்றியே பேசுகிற மனிதனையும் நம்பி எந்தக் காலத்தில் நான் நன்மை கண்டேன். பக்கத்தில் கிடப்பது அலுமினியம், உடம்பெல்லாம் இலையும் சருகும் வரைந்திருக்கிறார்கள், நீளம் கூட, பாரமும் கூட, ஆனால் நாண் விடுபடும் சத்தம் குறைவாம். மூன்றாவது நீளம் குறைந்த கட்டை வில், மரத்தில் கட்டிய பரணில் குந்தியிருப்பவர்களுக்கு வசதி, கிளையில் முட்டாது. மூன்றுக்கும் இரண்டு நுனியிலும் சின்னச் சக்கரம்போல ஒரு சில்லு. படத்தில் தெய்வங்கள் பிடித்திருக்கும் வில்லைப்போல வளைந்த தடியும் நாணும் அல்ல இது; இழுக்கத் தொடங்கும்போது முழுப் பாரமும் கைக்கு வரும், முக்கால்வாசி இழுத்ததும் சில்லு உருண்டு பாரத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும், பிறகு ஐந்தில் ஒரு பங்குதான் கையில் மிஞ்சும், மான் திரும்பும்வரை இழுத்த கையோடு காத்திருக்கலாம். உழைக்கிறவனின் சுமையைத் தானாகவே வாங்கிக்கொள்ளும் ஓர் இயந்திரத்தை இந்த உலகத்தில் நான் கண்டது இது ஒன்றுதான், அதையும் மான் கொல்லத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். “அண்ணை, பொம்பிளை பாக்க வந்த மாதிரி நிக்கிறியள்,” என்கிறான் அருளப்பு. “பிடிச்சிருக்கோ இல்லையோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இவன் பலகாரமும் தரமாட்டான்.” அருளப்பு பாசையூர்க் கடல்காரன், இந்தக் கனடா நாட்டின் வடக்கில் பலகை ஆலையில் என்னோடு ஒரே வரிசையில் நின்றவன், ஆலை மூடியபிறகு எனக்குச் சாரதியும் அவன்தான், ஒரு பகிடி சொல்லாமல் அவனால் மூச்சு விட முடியாது. “நீ போய் அந்த மான்கொம்புகளைப் பார்,” என்றேன். கடைக்காரன் யாருக்கு என்று கேட்டான். மனைவிக்கு என்றேன். வந்திருக்கிறாரா என்றான். வருவாள் என்றேன். கொம்புகளைப் பார்க்கப் போன அருளப்பு திரும்பி என் முகத்தைப் பார்த்தான். இழுநீளம் எவ்வளவு என்றான் கடைக்காரன். நாணை முழுக்க இழுத்தால் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையில் வருகிற தூரம், ஆளின் கைக்கு ஏற்றபடி அதைத் திருகாணியால் பூட்டித் தருவார்கள். இருபத்தெட்டு அங்குலம் என்று யோசிக்காமல் சொன்னேன். அவன் தலையைச் சரித்து, உயரமான பெண்ணா என்றான். இல்லை, என் காதுவரைதான் வருவாள் என்றேன். அப்படியென்றால் ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள், இரண்டு கையையும் விரித்து அளந்து சொன்னால் போதும், மிச்சத்தை நான் கணக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். கேளுங்கள் என்கிறான். எவ்வளவு சுகமாகச் சொல்கிறான்.

தவமலர் தை மாதம் கல்கரிக்குப் போனாள். மகள் செம்மலருக்குப் பிள்ளைப்பேறு, தாய் பக்கத்தில் நிற்க வேண்டாமா, நானே விமான நிலையம்வரை கூடப்போய் வழியனுப்பினேன், பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன், திரும்பி வரும் பயணச்சீட்டும் அவளுடைய கைப்பையில் இருந்தது. அந்த நாள் வந்தது, போனது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள், பிறகு செம்மலர் வேலைக்குத் திரும்புகிறாள் என்றாள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சித்திரையில் ஒருநாள் நான் தொலைபேசியில் எடுத்து, வீட்டுச் சாமான் எல்லாம் அப்பிடியே கிடக்கு என்றேன். கிடக்கட்டும் என்றாள். அந்தக் ‘கிடக்கட்டும்’ என் காதுக்குள் விழுந்த அன்றிலிருந்து நான் அவளுக்கு எடுக்கவில்லை. செம்மலர் ஞாயிற்றுக்கிழமைகளில் படத்தோடு எடுப்பாள், பேரன் திரையை நக்குவான், பின்னால் குசினியில் ஒரு சேலைத் தலைப்பு, இல்லை, சேலை இல்லை, அவள் இப்போது காற்சட்டைதான் போடுகிறாளாம், ஒரு கை, ஒரு தட்டு, குழாய்த் தண்ணீர்ச் சத்தம். அப்பா, அம்மாவோட கதைக்கிறீங்களா என்று மகள் கேட்பாள், அம்மாவுக்கு வேலை கிடக்கும் விடு என்பேன். இப்படி ஒரு நிலைமைக்கு நான் அறிந்த பாஷையில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. வேலைநிறுத்தம். அப்படித்தான் இந்த மாதங்களெல்லாம் எனக்கு நானே சொல்லிவந்தேன், சொல்லச் சொல்ல மனம் ஆறியது, ஏனென்றால் வேலைநிறுத்தம் எனக்குத் தெரிந்த சங்கதி. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், பிறகு எனக்குப் படிப்பித்ததெல்லாம் கையால் சுற்றி அச்சடித்த, ரோணியோ மை மணக்கும் துண்டுப்பிரசுரம், உபரி என்ற சொல்லை உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்துதான் எழுத்துக்கூட்டினேன், எழுத்துக்கூட்டிய அடுத்த வருடமே உப்பளத்தில் மண்வெட்டிகளைக் கீழே போட வைத்தேன். இந்த நாட்டிலும் விடவில்லை. ஆங்கிலம் பாதி, கை பாதியாகப் பேசி பலகை ஆலையின் வாசலில் பனிக்குள் நெருப்பு மூட்டிக்கொண்டு நின்றோம். இரண்டு தேசத்தில் இரண்டு நிர்வாகத்தை மேசைக்கு இழுத்த இந்தத் தம்பிராசாவுக்கு ஒரு பெண்ணின் மௌனத்தைப் படிக்கத் தெரியாதா. வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் திரும்பி வருவதற்காகத்தான் வெளியே போகிறார்கள், போகிற இடம் பிடித்துப்போய்ப் போவதில்லை, இதை நான் பயந்து அழுத பெண்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். அவளும் வருவாள். என்ன வேண்டுமென்று சொல்லாமல் பிடிவாதமாக நிற்கிறாள், அவ்வளவுதான். நானும் நின்றேன். முதலில் மேசைக்கு வருகிறவன் தோற்றவன்.

ஆனால் இப்போது புரட்டாதி. இன்னும் சில நாளில் அம்புக்காலம் தொடங்கிவிடும். துப்பாக்கிக்காரர்களுக்கு முன்னால் வில்லுக்காரர்களை மட்டும் காட்டுக்குள் விடுகிற காலம் அது, மரமெல்லாம் சிவந்து நிற்கும், தவமலர் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. நான் துப்பாக்கி தொடமாட்டேன். ஊரை விட்டு வரும்போது எடுத்த முடிவு, காரணம் கேட்டு யாரும் வரவேண்டாம். ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலத்தில் எல்லாரும் இறைச்சிக்காகக் காட்டுக்குப் போனார்கள், துப்பாக்கி இல்லாவிட்டால் வில் இருக்கிறது என்றான் ஒரு பின்லாந்துக் கிழவன், நான் போனேன், தனியப் போகாதேங்கோ என்று அவளும் வந்தாள். வந்தவள்தான் முதல் மானை விழுத்தினாள். இதெல்லாம் அவளுக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும், போன அம்புக்காலத்தின் கடைசி நாள் அவளுடைய வில்லின் மேல்தண்டில் மயிர்போல ஒரு வெடிப்பு விழுந்திருந்ததும் எனக்குத் தெரியும். அதுதான் வந்தேன். புது வில்லை வாங்கி, ஒரு படம் பிடித்து, செம்மலருக்கு அனுப்பினால் போதும், அம்மாவிடம் காட்டு என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் இறங்கிவந்ததாகவும் இருக்காது, அவள் தோற்றதாகவும் இருக்காது. ஒரு சலுகை. நிர்வாகங்கள் இப்படித்தான் செய்யும், முதலில் ஒரு மின்விசிறி தருவார்கள், ஒரு தண்ணீர்க் குழாய் தருவார்கள். நான் நிர்வாகமா. என்ன யோசனை இது. கறுப்பு வில்லைக் கீழே வைத்துவிட்டு அலுமினியத்தை எடுக்கிறேன். கைப்பிடியில் ரப்பர். அவளுடைய விரல் சின்னது, சுற்றிப் பிடிக்குமா. நாணைச் சுண்டிப் பார்க்கிறேன். உண்மைதான், சத்தம் குறைவு. அவளுக்குச் சத்தம் பிடிக்காது. பரணில் நான் கதைத்தால் வாயில் விரலை வைப்பாள், நான் குரலைக் குறைத்துத் தொடர்ந்து கதைப்பேன், அவள் விரலை எடுக்காமலே தூரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன குறை வைத்தேன். அடித்ததில்லை. குடித்ததில்லை. சீதனம் என்று ஒரு சல்லி வாங்கவில்லை, சங்கக் கூட்டத்து மேடையில் மாலை மாற்றினோம், ஐயரும் இல்லை, அம்மியும் இல்லை, பெண்விடுதலை பற்றி நான் நீண்ட நேரம் பேசினேன், அவள் கனத்த மாலையோடு பக்கத்தில் நின்றாள். தோழியர் தவமலரும் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று சனம் கேட்டது. ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, “எனக்குப் பசிக்குது,” என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன், பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தேன்.

அவளுக்குச் சமத்துவத்தில் நான் குறை வைத்தேனென்று ஒருவனும் விரல் நீட்ட முடியாது. வில் வாங்கிய கதை ஒன்றே போதும். இந்தக் கடை அல்ல, ஏரிக்கரையில் இருந்த பழைய கடை, இப்போது இல்லை. ஆளுக்கு ஒரு வில் வேண்டுமென்று போனோம். கடைக்காரி எனக்கு ஒரு நல்ல வில்லை எடுத்து வைத்தாள், தவமலருக்கு ஒரு கட்டை வில்லை எடுத்து வைத்தாள், ரோசாப்பூ நிறம், இது பெண்களுக்கு என்றாள். எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. பெண்களுக்கு என்று தனிக் கூலி, பெண்களுக்கு என்று தனி வரிசை, பெண்களுக்கு என்று சின்னக் கூடை, உப்பளத்தில் இதைத்தானே எதிர்த்து நின்றோம், இங்கே வந்து ரோசாப்பூ வில்லா. எனக்கு எதுவோ அதுவே அவளுக்கும் என்றேன். கடைக்காரி அளவு நாடாவை எடுத்தாள். அதையும் வேண்டாமென்றேன். உப்பளத்தில் கங்காணி ஒரு கோல் வைத்திருப்பான், மாலையில் எங்கள் குவியலில் அதைக் குத்துவான், எப்படிக் குத்தினாலும் நாங்கள் குறைவாகத்தான் வாரியிருப்போம். அளக்கிறவன் எந்தப் பக்கத்து ஆள் என்று எனக்கு அன்றிலிருந்து தெரியும். பூட்டியிருந்தபடியே இரண்டு வில், ஒரே நிறம், ஒரே பாரம், ஒரே நீளம், இருபத்தெட்டு. ஆலையின் சாப்பாட்டு அறையில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை. என் மனைவி இழுப்பதும் நான் இழுப்பதும் ஒன்று என்று மார்தட்டினேன். அவள் கடையில் என்ன சொன்னாள். ரோசாப்பூ வில்லை ஒருமுறை கையில் எடுத்தாள். எடுத்தாளா. எடுத்தாள், இழுத்தும் பார்த்தாள், நாண் அவளுடைய வாயோரத்தில் வந்து நின்றது, என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் இல்லையென்று தலையாட்டினேன், வைத்துவிட்டாள். இத்தனை வருடம் சொன்ன கதையில் இந்தத் துண்டு எங்கே போயிருந்தது. அவள் இழுப்பதே ஒரு தனி விதம். முதுகைப் பின்னால் வளைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, காதையும் தாண்டி நாணைக் கொண்டுபோவாள், அது அவளுடைய பாணி என்று பின்லாந்துக் கிழவனுக்குப் பெருமையாகச் சொல்வேன், அவன் உதட்டைப் பிதுக்குவான். அம்புக்காலம் முடியும்வரை அவளுடைய இடது முன்கை உட்பக்கம் நாண் அடித்து நீலம் பாய்ந்து கிடக்கும். வேட்டைக்காரியின் முத்திரை என்பேன். அவள் நீளக்கைச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு உலையில் அரிசியைப் போடுவாள். என் கையில் இல்லாத நீலம் அவள் கையில் ஏன் வந்தது. கடைக்காரன் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறான். அளவு கிடைத்ததா என்று கண்ணால் கேட்கிறான். அருளப்பு ஒரு பெரிய கொம்புக்குக் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு நின்று, “அண்ணை, எனக்குப் பொருந்துதோ?” என்கிறான். “முளைச்சு வருசக்கணக்காச்சு, நீ இப்பதான் கண்டனியோ,” என்றேன், அவன் சிரித்தான், சிரித்துவிட்டு, “எடுத்துக் கேளுங்கோ அண்ணை. அக்கா உங்களைக் கடிக்கவே போறா,” என்றான். கைத்தொலைபேசி என் கையில்தான் இருக்கிறது. எவ்வளவு நேரமாக இருக்கிறது.

மணி போகிறது. எடுக்கமாட்டாள். எடுக்காவிட்டால் நல்லது, இருபத்தெட்டு என்று சொல்லி வாங்கிக்கொண்டு போகலாம். “ஹலோ.” நான்தான் என்றேன். “தெரியுது, நம்பர் விழுகுதுதானே. என்ன, சுகமில்லையோ?” சுகத்துக்கு என்ன என்றேன். “இஞ்சேரும், உம்மட ரெண்டு கையையும் விரிச்சு ஒருக்கால் அளக்க வேணும். ஒரு நடுவிரல் நுனியில இருந்து மற்ற நடுவிரல் நுனிமட்டும். செம்மலரைக் கூப்பிடும்.” அவள் சிரித்தாள். “என்னப்பா, எனக்குச் சட்டை தைக்கப் போறியளோ?” அந்தச் சிரிப்பு. மாதக்கணக்காகக் காதில் விழாத சிரிப்பு. வில் என்றேன். அந்தப் பக்கத்தில் பேரன் கரண்டியால் எதையோ தட்டினான். “கடையிலயோ நிக்கிறியள்?” ஓம் என்றேன், என்றவன் நிறுத்தவில்லை, மூன்று எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன், கறுப்பு வேகம் ஆனால் நம்ப ஏலாது, கட்டையில் பாரம் விழுகிற இடம் முரடு, உமக்கு அலுமினியம்தான் சரிவரும், சத்தம் குறைவு, கைப்பிடி ரப்பர், நான் பேசிக்கொண்டே போகிறேன், மேடையில் சனம் கலைகிறபோது குரலை உயர்த்துவதுபோல உயர்த்துகிறேன், கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். “இஞ்சாருங்கோ,” என்றாள். “இஞ்சாருங்கோ. எனக்கு வேண்டாம். நான் ஒண்டு எடுத்திட்டன்.” எப்ப என்றேன். “ஆனியிலயே.” ஆனி. நான் யார் முதலில் எடுப்பதென்று நாளை எண்ணிக்கொண்டிருந்த ஆனி. “எத்தினை அங்குலத்துக்குப் பூட்டினவன்?” “இருபத்தஞ்சரை.” பிழை, பிழையாக அளந்திருக்கிறான், உம்மட அளவு இருபத்தெட்டு என்றேன். “அது அந்தக் கடையில கிடந்த அளவப்பா,” என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். “ரெண்டரை அங்குலம் கூட. முதுகை வளைச்சுத்தான் இழுத்தனான். இஞ்ச பூட்டித் தந்தவுடன இழுத்துப் பாத்தன், அழுகை வந்திட்டுது, கடைக்காரப் பொடியன் பயந்துபோனான்.” ஏன் சொல்லவில்லை என்றேன், கோபமாகத்தான் கேட்டேன், ஏன் எனக்குச் சொல்லேல்லை. “சொன்னனான். நாண் அடிக்குது, முதுகு வலிக்குது எண்டு சொன்னனான். பழகும் எண்டியள்.” மேசையில் கிடந்த அலுமினியத்தின் நாணில் விரலை வைத்தேன். “பழகினன்,” என்றாள். அதில் ஒரு குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு இடம் இருந்திருக்கும். உப்பளத்தில் நானூறு பேருடைய குறையைப் பெயர் பெயராக நெஞ்சுக்குள் வைத்திருந்த மனிதன் நான், ஒருத்தியின் காலில் சேற்றுப்புண் என்றால் அடுத்த கூட்டத்தில் அது மேடைக்கு வந்துவிடும். ஒரே பரணில் என் தோளில் தோள் முட்ட இருந்தவளுக்கு இரண்டரை அங்குலம் கூட என்பது எனக்குத் தெரியாது. சரி, இனி மானம் பார்த்து என்ன. “சரி. இப்ப சொல்லும். உம்மட கோரிக்கை என்ன? ஒண்டொண்டாச் சொல்லும், நான் கேக்கிறன்.” “என்ன கோரிக்கை?” “நீர் திரும்பி வாறதுக்கு.” சொல்லிவிட்டேன். அருளப்பு கொம்புகளைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது, பிள்ளையை இடுப்பில் தூக்கியிருப்பாள். “கோரிக்கை ஒண்டும் இல்லையப்பா.” “கோவமோ?” “கோவமும் இல்லை. கொஞ்ச நாள் இருந்தது, இப்ப இல்லை. எனக்கு இஞ்ச சரியாக் கிடக்கு. இஞ்ச அம்புக்காலம் முந்தியே தொடங்கிட்டுது, சனிக்கிழமை நானும் செம்மலரும் போறம். அவள் பரணில ஏறினா வாய் திறக்க மாட்டாள்.” மறுபடி அந்தச் சிரிப்பு. நானும் சிரிக்கவேண்டிய இடம் அது, சிரிப்பதுபோல ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது. கூலி கூட வேண்டும் என்றால் கொடுக்கலாம். கங்காணியை மாற்று என்றால் மாற்றலாம். ஒன்றும் வேண்டாம் என்று போனவர்களைத் திரும்பக் கூட்டிவருவது எப்படியென்று எந்தப் பிரசுரத்திலும் நான் படிக்கவில்லை. அப்படிப் போனவர்கள் உப்பளத்திலும் இருந்தார்கள், அவர்களுக்கு நாங்கள் வேறு பெயர் வைத்திருந்தோம், வேலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்போம், அவ்வளவுதான், கூட்டத்தில் அவர்கள் பெயர் வராது. “இருக்கிறியளோ?” என்றாள். இருக்கிறேன் என்றேன். “வில்லு எடுக்கிறதெண்டா உங்களுக்கு எடுங்கோ. இருபத்தேழுக்குப் பூட்டச் சொல்லுங்கோ. உப்பளத்தில பொலிஸ் அடிச்ச முழங்கை நிமிராதுதானே, உங்களுக்கும் அது நீளம். பாரம் நாப்பது இறாத்தலுக்கு மேல வேண்டாம், தோள் தாங்காது.” உமக்கு எப்படித் தெரியும் என்றேன். “இத்தினை வருசமாப் பக்கத்தில நிண்டு பாத்தனான்தானே. நீங்கள் ஏன் விட்டு விட்டு இடப்பக்கம் அடிக்கிறியள் எண்டு நினைக்கிறியள்?” “சொல்லியிருக்கலாமே.” “அளக்க விடமாட்டன் எண்டு நிண்ட ஆளுக்கு என்னெண்டு சொல்லுறது?” பேரன் எதையோ இழுத்து விழுத்தினான், அவள் ஐயோ என்றாள், வைக்கிறன் என்றாள், பிறகு வைக்காமல், “சாப்பிட்டியளோ?” என்றாள். ஓம் என்றேன்.

அருளப்பு வந்து பக்கத்தில் நிற்கிறான். “என்னவாம் அக்கா?” வில் எடுத்துவிட்டாளாம் என்றேன். “நல்ல வில்லோ?” கேட்கவில்லை என்றேன். என்ன நிறம், என்ன உயரம், காபனா அலுமினியமா, எதையும் கேட்கவில்லை, மூன்று வில்லைப் பற்றி நான் அவ்வளவு நேரம் பேசினேன், அவளுடையதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் ஏதோ பகிடி சொல்ல வாயைத் திறந்தான், பிறகு திறந்த வாயை மூடிக்கொண்டு, “வாங்கோ அண்ணை, போவம்,” என்றான். கால் வரவில்லை. வீட்டில் சாமான் எல்லாம் அப்படியே கிடக்கிறது. அவளுடைய சப்பாத்து, கொடியில் அவளுடைய மழையங்கி, நான் ஒன்றையும் நகர்த்தவில்லை, வேலைநிறுத்தக் காலத்தில் தொழிலாளியின் பொருளில் கைவைக்கக் கூடாது என்று ஒரு ஒழுங்கு, அந்த ஒழுங்கைத்தான் இவ்வளவு நாளும் காத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரன் வந்துவிட்டான். அளவு கிடைத்ததா என்றான். கிடைத்தது என்றேன், இருபத்தேழு, பாரம் நாற்பது. மனைவிக்கா என்றான். எனக்கு என்றேன். எது வேண்டும் என்றான், நடுவில் கிடந்த அலுமினியத்தைக் காட்டினேன். அவன் நாடாவை இழுத்துக்கொண்டு, கையை விரியுங்கள், ஒருமுறை சரிபார்த்துவிடலாம், ஒரு அங்குலம் பிழைத்தாலும் உடம்புக்குத் தெரியும் என்றான். வேண்டாம் என்றேன். எப்போதும் நாங்கள் அளப்போம் என்றான். “அளந்தாயிற்று,” என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் திருகாணிகளைக் கழற்றி, சில்லை ஒரு பல் நகர்த்தி, மறுபடி முறுக்கினான். கடையின் பின்பக்கத்தில் நீளமான ஒரு அறை, தொலைவில் வைக்கோல் மூட்டை, மஞ்சள் வட்டம். அம்பைக் கொளுவித் தந்தான். நான் வில்லை உயர்த்தினேன், இழுத்தேன், முழுப் பாரமும் வந்தது, முதுகுக்குள் ஏறியது, பிறகு சில்லு உருண்டது, பாரம் விழுந்தது, நாண் என் வாயோரத்தில் வந்து தொட்டு நின்றது. ஒருநாளும் அங்கே வந்து நின்றதில்லை. முழங்கை எவ்வளவு வளைந்திருக்க வேண்டுமோ அவ்வளவு வளைந்திருந்தது, தோள் தன் குழிக்குள் இருந்தது, கழுத்தை நான் எங்கும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் வட்டம் ஆடாமல் நின்றது. அருளப்பு எனக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நிற்கிறான். எப்படி இருக்கிறது, எங்கேயாவது வலிக்கிறதா என்று கடைக்காரன் தாழ்ந்த குரலில் கேட்கிறான். எங்கேயும் வலிக்கவில்லை. அதை அந்த மனிதனுக்கு எந்த வாயால் சொல்வதென்று தெரியாமல், இழுத்த கையை விடவும் முடியாமல், நான் நிற்கிறேன்.